கஞ்சி மட்டும் போதாது

வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை, மூன்று வேளையும் உலை கொதிக்கிறது. இருந்தும் தாத்தா தரையில் உட்கார்ந்தால் ஆள் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. பாட்டியின் ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குகிறது. கேட்டால் "வயசாச்சுல்ல" என்பார்கள். ஆபத்து அந்தப் பதிலில்தான். வயதானால் தளர்ச்சி வரும், சரி. ஆனால் சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டால் அதை முதுமையின் கணக்கில் எழுதக் கூடாது. பெரும்பாலும் அது ஊட்டக்குறைவு. இல்லாவிட்டால் உள்ளே ஏதோ நோய். இரண்டுக்குமே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் தசை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் கரைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. படுத்துவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து வந்தவர் அதன்பிறகு கழிப்பறைக்குக்கூடத் தனியாகப் போக முடியாமல் தவிப்பது இதனால்தான். கால் வலுவிழந்தால் விழுவார், விழுந்தால் எலும்பு முறியும், மறுபடி படுக்கை.

பெரியவர்கள் ஏன் சாப்பிடுவதில்லை? பல் போயிருக்கும், அல்லது பல்செட் பொருந்தாது. சிலர் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டுமே என்ற பயத்தில் சாப்பாட்டையும் தண்ணீரையும் தாமே குறைத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குப் பசியை மட்டுப்படுத்தும். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 சத்தும் குறையக்கூடும். துணையை இழந்தவருக்கு மனச்சோர்வு. இன்னொரு கரண்டி கேட்கக் கூசுகிறவர்களும் உண்டு. இதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது.

சாப்பிடுகிறவர்களுக்கும் கிடைப்பது என்ன? கஞ்சி, ரசம் சாதம், இரண்டு இட்லி. ஓர் இட்லியில் உள்ள புரதம் ஏறக்குறைய 2 கிராம். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் பரிந்துரை. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம். கஞ்சியால் அங்கே போய்ச் சேரவே முடியாது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். மசித்த பருப்பு, குழைய வெந்த சுண்டல், தயிர், முள் எடுத்த மீன் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தசை குறைகிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் தானாகக் குறைந்திருந்தாலும் அப்படித்தான்.

சத்து மாவு டப்பா வாங்கி வைத்துக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1994-இல் பாஸ்டனில், சராசரி வயது 87 உள்ள 100 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரட்டிப்பைத் தாண்டியது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. சாப்பாடும் வேண்டும், அசைவும் வேண்டும். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சோறு போடுவது பிள்ளைகளின் தயவு அல்ல, சட்டம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பராமரிப்பு' என்பதற்குள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. 60 வயது கடந்து, தம் வருமானத்தில் வாழ முடியாத எவரும் வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர், தம் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொத்தை எழுதிக்கொடுக்கிறவர்கள், 'கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர அதுதான் கைகொடுக்கும். வாய் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டால் வழக்கு இழுத்தடிக்கும்.

ஆதரவற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. தமிழகத்தில் 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை பெறுவோருக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு என்பது 1983-லேயே வந்த ஏற்பாடு. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பட்டினி கிடக்கிறார் என்று தெரிந்தால் 14567-க்கு அழையுங்கள். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் அது. அவருடைய போனிலும் அதைப் பதிந்து கொடுத்துவிடுங்கள்.