இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்றால் கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாயும் அதுதான். அதற்குப் பின்னால் மேசைமேல் சூடாகிக்கொண்டிருக்கும் பெட்டியும் அதுதான். இக்கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. குழப்பம் வராதிருக்க அதைப் ‘பெருக்கி’ என்றும், ஒலி வெளிவருவதை ஸ்பீக்கர் என்றும் சொல்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். அங்கே ‘பெரிந்தாங்’, பல்கலைக்கழகத்தில் ‘ரெசிஸ்டர்’. அதற்கு ‘மின்தடையம்’ என்றொரு பெயர் உண்டென்பதே நம் கழகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சொற்களில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே.

பாயான் லெப்பாஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் உள்ளன. அப்பா திருமணத்திற்கு முன் வாங்கியவை. அவற்றோடு வந்த பெருக்கி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயின; அப்பாவும் இப்போது இல்லை. சென்ற செமஸ்டர் விடுமுறையில் அந்த ஸ்பீக்கர்களை மீண்டும் பேச வைப்பதென்று முடிவு செய்தேன். முதலில் இடது பக்கத்திற்கு மட்டும் ஒரு பெருக்கி.

நான் தேர்ந்தெடுத்தது எல்எம்3886 என்ற சில்லு. பதினொரு கால்கள் கொண்ட இந்த ஒரே சில்லுக்குள் முழுப் பெருக்கியும் அடங்கியிருக்கிறது. தரவுத்தாளின்படி, நேர்மறை 28, எதிர்மறை 28 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 38 வாட் தரும். ஒரு கூடத்திற்கு அதுவே தாராளம். இதை வடிவமைத்தது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்பார்கள். இன்டெல், ஹிட்டாச்சி, போஷ் ஆகியவற்றோடு நேஷனலும் அதில் ஒன்று. 2011-இல் அது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. என் அம்மாவும் இந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் ஓப்பரேட்டராக இருந்தவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் சில்லில் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. இது பின்னால் பயன்படும்.

பெருக்கி ஒலியை இழுத்துப் பெரிதாக்குவதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மின்மாற்றி 18 வோல்ட்டாகக் குறைக்கிறது. டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. பெரிய மின்தேக்கிகள் நீர்த்தொட்டிபோல் தேக்கி வைக்கின்றன. கிடைப்பது நேர்மறை 25, எதிர்மறை 25 வோல்ட். சில்லு ஒரு குழாய்த்திருகு மாதிரி. கைப்பேசியிலிருந்து வரும் சிறு அலை எப்படி ஆடுகிறதோ, அப்படியே இந்தத் தொட்டியைத் திறந்து மூடுகிறது. எத்தனை மடங்கு என்பதை இரண்டே மின்தடையங்கள் முடிவு செய்கின்றன. வெளியீட்டிலிருந்து ஒரு பங்கை அவை உள்ளே திருப்பி அனுப்ப, சில்லு தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். நான் வைத்தவை 20 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். ஆகவே 21 மடங்கு.

புதிதாகச் செய்ததை நேராகச் சுவரில் செருகக் கூடாது. 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கும். எங்காவது குறுக்குச்சுற்று இருந்தால் முழுதாக எரியும். ஆனால் பெருக்கி எரியாது. என் பல்பு விளக்குக் கம்பம்போல் எரிந்தது! காரணம் அரைமணி நேரத்தில் கிடைத்தது. நான் வாங்கிய வகையில் சில்லின் முதுகிலுள்ள உலோகம் எதிர்மறை 25 வோல்ட்டோடு இணைந்தது. அதற்கும் வெப்பம் வாங்கும் அலுமினியத் துண்டுக்கும் இடையே மைக்கா தகடு வைத்திருந்தேன். திருகாணிக்கு வேண்டிய பிளாஸ்டிக் வளையத்தை மறந்துவிட்டேன். திருகாணி வழியே மின்சாரம் பெட்டிக்குப் பாய்ந்திருக்கிறது.

அதைச் சரிசெய்ததும் பல்பு மங்கியது. பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை இணைக்கும் முன் மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்தேன். ஒலி இல்லாதபோது அங்கே சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்குக் காட்டியது எதிர்மறை 23 வோல்ட். கை நடுங்கியது உண்மை. 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளுக்கு நேர்மின்சாரத்தில் ஏறக்குறைய 6 ஓம்தான் தடை. கணக்குப் போட்டால் 88 வாட், அத்தனையும் வெறும் வெப்பமாக. சில விநாடிகளில் அப்பாவின் ஸ்பீக்கர் கருகியிருக்கும்.

சில்லு போலியோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். போலிச் சில்லுகள் சந்தையில் நிறைய. இரவு பதினொரு மணிக்கு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் பூதக்கண்ணாடியை வாங்கி, பலகையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“இது பிடிக்கலய்யா. சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது.”

அவர் விரல் நின்றது 20 கிலோ ஓம் மின்தடையத்தின் காலில். ஈயம் பளபளக்காமல் சாம்பல் நிறத்தில், காலைச் சுற்றி முடியளவு வளைய விரிசலோடு இருந்தது. திருத்தும் பாதையே அறுந்துவிட்டதால் சில்லுக்குத் தன் தவறு தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. காலை நன்றாகச் சூடாக்கி மீண்டும் ஈயம் வைத்தேன். மீட்டர் 12 மில்லிவோல்ட் காட்டியது.

இனி ஸ்பீக்கர். பாட்டு வந்தது, கூடவே ‘ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல். உள்ளீட்டுக் கம்பியைக் கழற்றி, உள்ளீட்டையே தரையோடு இணைத்தும் நிற்கவில்லை. ஆகவே குற்றம் பெட்டிக்குள். இங்கே காதே நல்ல கருவி. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. டயோடுகளைத் தாண்டியபின் மின்தேக்கிகள் விநாடிக்கு 100 முறை நிரம்புகின்றன. கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும்போல இரண்டும் ஒரு ஸ்தாயி தள்ளி ஒலிக்கும். என் இரைச்சல் மேலுள்ளது. அப்படியானால் வழங்கும் பகுதியிலிருந்து வருகிறது.

பெரும்பாலோர் செய்யும் தவற்றையே நானும் செய்திருந்தேன். தரைக்கம்பி எங்கே தொட்டாலும் பூச்சியம் என்று நம்பி, உள்ளீட்டின் தரையை மின்மாற்றிக்கும் மின்தேக்கிக்கும் இடையிலுள்ள கம்பியில் இணைத்திருந்தேன். மின்தேக்கி நிரம்பும் ஒவ்வொரு முறையும் அக்கம்பியில் சில ஆம்பியர் பாய்கிறது. கம்பியின் தடை 0.01 ஓம்தான் என்றாலும் 3 ஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட். அது 21 மடங்காகி அரை வோல்ட்டுக்கு மேல் ஸ்பீக்கரில் வந்து நிற்கும். இரண்டு மின்தேக்கிகளும் சேரும் இடத்திற்கு அப்பால் ஒரே புள்ளியைத் தேர்ந்து, எல்லாத் தரைக்கம்பிகளையும் தனித்தனியாக அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். இரைச்சல் நின்றது. மடிக்கணினியை இணைத்தபோது மட்டும் மெல்லிய, தணிந்த 50 சுழற்சி ஒலி எட்டிப்பார்த்தது. அது கணினியின் மும்முனைச் சார்ஜரும் என் பெட்டியும் சுவரில் ஒரே தரையைச் சந்திப்பதால் உண்டாகும் வளையம். சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடும். சிலர் அதற்காகப் பெட்டியின் தரைக்கம்பியையே வெட்டிவிடுவார்கள். வேண்டாம், உயிரைக் காப்பது அந்தக் கம்பிதான்.

இப்போது காலையில் மின்னல் பண்பலை இடது ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கிறது. வலது பக்கத்துப் பலகை இன்னும் மேசைமேல் காலியாகக் கிடக்கிறது. அதற்கு ஈயம் வைக்கப்போவது தாம்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்.