உங்களுக்குத் தெரியுமா? மனிதர் பார்க்காமலே ‘நார்மல்’

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் பாப் ஸ்மியர் பரிசோதனையில், நான்கில் ஒரு பங்கு ஸ்லைடுகள் வரை மனிதர் யாரும் பார்க்காமலே ‘நார்மல்’ என்று ஒதுக்கிவைக்க, ஆட்டோபாப் என்ற கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1998இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய ஆரவாரத்துக்கு வெகுமுன்பே!

அதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஸ்லைடில் பல்லாயிரம் செல்கள். கோளாறானவை விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கலாம். கண் அசந்துபோகும். அதனால்தான் அமெரிக்காவில் ஒரு பரிசோதகர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளைத் தாண்டக் கூடாதென்று விதியே உண்டு. இயந்திரத்துக்கு அந்த அசதி கிடையாது. 2003இல் அனுமதி பெற்ற தின்பிரெப் கருவி, உட்கரு பெருத்து அடர்ந்த நிறத்தில் தெரியும் செல்களைத் தேடி, 22 இடங்களை மட்டும் நிறுத்திக் காட்டும். அவற்றில் ஏதாவது உறுத்தினால் பரிசோதகர் முழு ஸ்லைடையும் அலச வேண்டும்.

அப்படியானால் மனிதரைவிட இயந்திரம் மேலா என்றால், இல்லை. மான்செஸ்டரில் நடத்தி 2011இல் வெளியிட்ட மாவரிக் ஆய்வில், கருவியின் துணையோடு பார்த்தபோது வேலை வேகமாக முடிந்தது. ஆனால் முற்றிய மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் திறன் சுமார் 8 சதவீதம் குறைந்தது. புற்றுநோய்த் தேடலில் இது சின்ன விலை அல்ல. ஆகவே கருவியை வடிகட்டும் உதவியாளாக வைத்துக்கொள்வதே சரி. இதற்கிடையே இங்கிலாந்து 2019இல், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸை முதலில் தேடும் முறைக்கு மாறியது; வைரஸ் இருந்தால்தான் செல்கள் மைக்ராஸ்கோப்புக்குப் போகின்றன.