பனிப்பெட்டி பொருத்திய மீன் வண்டி: முதன்முறையாக வாங்குவோர் கவனத்திற்கு

விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை ஆகிய கரைகளில் இறங்கும் மீன், திருவனந்தபுரம் நகரத்தின் உட்புறத் தெருக்களுக்கு நெடுங்காலமாகத் தலைச்சுமையாகவே வந்து சேர்ந்தது. அலுமினியச் சருவத்தைத் தலையில் ஏந்தி வரும் பெண்களுக்கெனவே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021ஆம் ஆண்டில் ‘சமுத்ரா’ என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. அண்மைக் காலமாக, பனிப்பெட்டி பொருத்திய மூன்று சக்கர வண்டிக்குக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவோர் பெருகியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் இதற்கு முன் வாகனம் எதையும் சொந்தமாக வைத்திருந்தவர் அல்லர். எனவே கடனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர், பெட்டியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். தவணை தவறுவதற்கான காரணம் பல வேளைகளில் பெட்டிக்குள்ளேயே இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் வண்டி வாங்கினார். ஜூன் மாதத்திற்குள் இரண்டு தவணைகள் நின்றுபோயின. நேரில் சென்று பார்த்தபோது, காலை ஆறு மணிக்கு நிரப்பிய ஐஸ் பத்தரை மணிக்கெல்லாம் நீராகி விடுவதாகக் கூறினார். மீதமிருந்த சாளையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதே அவருக்கு வழக்கமாகி இருந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு தகடுகளுக்கு நடுவே விரல் அளவுகூட இல்லாத தெர்மாகோல் துண்டுகள் இருந்தன. மூலைகளில் அதுவும் இல்லை. விலைப்பட்டியலிலோ ‘இன்சுலேட்டட் பெட்டி’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அந்த இரண்டு சொற்களை நம்பிக் கையொப்பமிட்டதில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு, வெப்பக்காப்பு எந்தப் பொருளால் ஆனது, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பவை எழுதப்படாத விலைப்பட்டியலை நாங்கள் ஏற்பதில்லை.

பாலியூரித்தேன் நுரை குறைந்தது 50 மில்லிமீட்டர் கனத்தில், இடைவெளியின்றி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை இருக்க வேண்டும். வெளிப்புறம் வெள்ளை நிறமாக இருப்பது நலம். கரு நிறம் வெயிலை உள்ளே இழுக்கும். பெட்டியின் அடியில் சாய்வும், நீர் வடிவதற்கு அடைப்பானுடன் கூடிய துளையும் தேவை. உருகிய நீரிலேயே மீன் ஊறிக் கிடந்தால் அதன் சுவையும் நிறமும் போய்விடும். வண்டியைப் பெறுவதற்கு முன்பே ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். பத்து கிலோ ஐஸை எடை போட்டுப் பெட்டியில் இட்டு மூடி, வெயிலில் ஐந்து மணி நேரம் நிறுத்திய பின், எஞ்சியதை மீண்டும் எடை போடுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிட்டே தீர வேண்டும். முப்பது டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூச்சியத்திற்குக் குளிர்விக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் போதும். ஆயினும் நம் ஊர் வெயிலில், பெட்டிச் சுவரின் வழியாகவும் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் நுழையும் வெப்பத்தை ஈடுசெய்ய, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே நடைமுறை. ஐஸில் சிக்கனம் பிடிப்பவர் மீனில் இழப்பார். அடியில் ஓர் அடுக்கு ஐஸ், அதன்மேல் மீன், மீண்டும் ஐஸ் என மாற்றி மாற்றி அடுக்கி, மேற்பரப்பையும் ஐஸால் மூட வேண்டும். பெரிய கட்டியாக இடாமல் உடைத்து இடுங்கள். கூர்மையான பெரிய துண்டுகள் மீனின் தோலைக் கிழிக்கும்.

சாளை, அயிலை, சூரை ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. குளிர் குறைந்தால் இவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். சமைத்தாலும் அது அழியாது; உண்டவருக்குத் தடிப்பும் தலைவலியும் வரும். ஒரு தெருவில் ஒரு வீட்டாருக்கு அப்படி நேர்ந்தால், அந்தத் தெருவே வாடிக்கையை நிறுத்திவிடும்.

குளிர் போதாதபோது சிலர் வேறு வழி தேடுவதும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் ‘சாகர் ராணி’ நடவடிக்கையின்போது, நம் மாவட்டத்து அமரவிளை சோதனைச் சாவடியிலேயே பார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள், மீனில் பார்மலினும் அம்மோனியாவும் உள்ளனவா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. வெளியூர் மீனை மொத்தமாக வாங்கி விற்போர் அதனைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. நீங்கள் கலக்காவிட்டாலும், பிடிபடும்போது மீன் இருப்பது உங்கள் வண்டியில்தான்.

இனிப் பணக் கணக்கு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதில் பனிப்பெட்டியுடன் கூடிய மூன்று சக்கர வண்டிக்கு (மின் ரிக்‌ஷா உட்பட) அலகு மதிப்பு 3 லட்சம் ரூபாய். மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. வண்டியின் விலை 3 லட்சத்திற்கு மேற்பட்டாலும் மானியம் 3 லட்சத்திற்கே கணக்கிடப்படும். நடப்பாண்டில் ஒதுக்கீடு உள்ளதா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே விற்பனையாளரிடம் முன்பணம் கொடுங்கள். மானியம் கைக்கு வரும்வரை தவணையை முழுமையாகச் செலுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, 2,40,000 ரூபாய்க் கடனை 11 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களில் அடைப்பதெனில், மாதத் தவணை ஏறக்குறைய 7,860 ரூபாய். மாதத்தில் 25 நாள் விற்பனை என்றால் நாளொன்றுக்கு 315 ரூபாய். ஐஸ், எரிபொருள், வீட்டுச் செலவு போக இது மிஞ்சுமா என்பதை நல்ல மாதத்தை வைத்துப் பார்க்காமல், மோசமான மாதத்தை வைத்துப் பாருங்கள். கேரளக் கரையில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைத் தடைக்காலம். பாரம்பரியப் படகுகளுக்குத் தடையில்லை. மழைக்காலத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் பரபரப்பாகவே இருக்கும். ஆனால் வரத்தும் விலையும் நாளுக்கு நாள் மாறும். உங்களுக்கு மீன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத் தவணைத் தேதியையும் காலத்தையும் அமைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர் மிகக் குறைவு.

மற்றொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. வண்டிக்கு மட்டும் கடன் பெற்று, விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் ரொக்கம் இன்றி நிற்பது. அப்போது காலையில் கொடுத்து மாலையில் வட்டியுடன் திரும்பப் பெறுபவரிடமே போக வேண்டியிருக்கும். நாளின் இலாபம் அங்கேயே கரைந்துவிடும். பிணையின்றி வழங்கப்படும் முத்ரா கடனில் நடைமுறை மூலதனத்தையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். விற்பனைத் தொகையில் ஒரு பகுதியையாவது கியூ.ஆர். குறியீடு வழியாகக் கணக்கில் பெற்று வந்தால், அடுத்த கடனுக்கு அதுவே வருமானச் சான்றாகும்.

பதிவுச் சான்றிதழில் வண்டி சரக்கு வாகனமாகவும், பெட்டி பொருத்திய நிலையிலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்திற்கு, மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. பிற்பாடு பொருத்திய பெட்டியின் மதிப்பைக் காப்பீட்டில் தனியே சேர்க்காவிட்டால், விபத்தில் வண்டிக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கும். உள்ளிருக்கும் மீன் வாகனக் காப்பீட்டில் அடங்காது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், ஆண்டுதோறும் முத்திரை பெற்ற மின்னணுத் தராசும் தேவை.

கடன் விண்ணப்பத்துடன் ஆதார், பான், விற்பனையாளரின் விரிவான விலைப்பட்டியல், ஓட்டுநர் உரிமம் (நீங்கள் ஓட்டாவிடில் ஓட்டுபவருடையது), கடந்த ஆறு மாதக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஏலம் முடிந்து தெருச் சுற்று முடிவதற்கு நண்பகலாகிவிடும் என்பதை அறிவோம். பிற்பகல் இரண்டரை மணிக்குப் பின் வந்தாலும் எங்கள் கடன் பிரிவில் உங்களைக் காத்திருக்க வைக்க மாட்டோம்.