பிள்ளை ஜாவா படிக்கிறதா? காசு செலவில்லாமல் உதவும் இணையத்தளங்கள்



புலம்பெயர்ந்து வந்த புதிதில் எமது கவலைகள் வீடு, வேலை, மொழிப் பாடசாலை என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பிள்ளை நள்ளிரவு வரை கணனிக்கு முன்னால் இருந்தால் படிக்கிறது என்று நினைத்து நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஹ்விடோவ்ரேயில் எங்களோடு தங்கியிருக்கும் என் அக்காவின் மகன், டேட்டாமேட்டிகர் என்ற இரண்டரை வருடப் படிப்பில் சேர்ந்தான். ஜாவா அவனுக்கு முக்கிய பாடம். முதற் பரீட்சையில் 00 எடுத்தான். சித்தியடைய 02 வேண்டும். ஒரு பரீட்சைக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். அவன் கொண்டுபோன செய்நிரல் சரியாகவே இயங்கியது. ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் ஒரு வரியைக் காட்டி, "இது ஏன் இங்கே வருகிறது?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிய வரி அது.

தனியார் வகுப்புக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. இருவருமாக இருந்து தேடினோம். கண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு விளக்கம்

ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. இரண்டும் 1995 இல் அறிமுகமானவை, பெயரில்தான் உறவு. ஜாவாவை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் உருவாக்கினர். 2010 இல் அந்த நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கியது. புத்தகம் இரவல் எடுக்கும்போது பெயரை முழுமையாக வாசியுங்கள். நாங்கள் முதலில் கொண்டுவந்தது ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம்!

பதிப்பையும் கவனிக்க வேண்டும். 2014 இல் வந்த ஜாவா 8 க்கு எழுதிய பாடங்கள் இணையத்தில் இன்னும் நிறைய உண்டு. அதன் பின் 2023 இல் ஜாவா 21, 2025 இல் ஜாவா 25 என நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகள் வந்துவிட்டன. எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

எங்கே படிக்கலாம்?

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் ஜாவாப் பாடநெறி எங்களுக்கு மிகவும் உதவியது. ஆங்கிலத்தில் உள்ளது, எந்த நாட்டவரும் இலவசமாகப் படிக்கலாம். மொத்தம் பதினான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் பயிற்சிகள் நிறைய. எழுதிய செய்நிரலைக் கணனியே சோதித்துப் பிழை இருக்கும் இடத்தைச் சொல்லும். வாசித்துக்கொண்டு போவதை விட இப்படிக் கையால் செய்து பழகுவதே பலன் தரும்.

தமிழில் கேட்க விரும்புவோருக்கு மும்பை ஐ.ஐ.ரி.யில் உருவான "ஸ்போக்கன் டியூட்டோரியல்" உண்டு. ஜாவாவின் அடிப்படைகளைச் சிறு சிறு ஒளிப்பதிவுகளாகத் தமிழ்க் குரலில் விளக்குகிறார்கள். சற்றுப் பழையவைதான், எனினும் அடிப்படை மாறவில்லை. டெனிஷ் மொழியில் தடுமாறும் பிள்ளை, ஒரு விடயத்தை முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

"கோடிங்பேட்" ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக விரிவுரையாளர் நிக் பார்லன்டே உருவாக்கிய பயிற்சித் தளம். எதையும் கணனியில் நிறுவத் தேவையில்லை. எனவே வீட்டில் கணனி இல்லாதவர்கள் நூலகக் கணனியிலும் பழகலாம். டென்மார்க்கின் பொது நூலகங்களில் புத்தக இரவலுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

"புளூஜே" ஆரம்ப மாணவருக்கென்றே செய்யப்பட்ட இலவச மென்பொருள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கல் கோலிங் சில காலம் இங்கே தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். வகுப்புகளைப் பெட்டிகளாக வரைந்து காட்டுவதால் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜாவா தெரியாது. ஆனால் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு இரவும், "இன்றைக்கு எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லு" என்றேன். ஒருநாள் அவன் வகுப்பு, பொருள் என்று குழம்பிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரம் மூடிகள் வார்க்கிறோமே, அச்சுத்தான் வகுப்பா, மூடிதான் பொருளா என்று கேட்டேன். சற்று யோசித்து, "ஓம் மாமா, அதுதான்" என்றான். பிறகு அவனே மற்றதையும் விளக்கினான். விளக்க முடியாத வரி வந்தால் அதை அழித்துவிட்டுத் தானே திரும்ப எழுதினான்.

செயற்கை நுண்ணறிவைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. "இந்தப் பிழை ஏன் வந்தது?" என்று கேட்கலாம். "எனக்கு எழுதித் தா" என்று கேட்டால் பரீட்சை மேசையில் அது வந்து பேசாது. பாடசாலையின் விதிகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாந் தடவை அவன் 4 எடுத்தான். பெரிய புள்ளி அல்ல. ஆனால் கேட்ட வரிகள் அனைத்துக்கும் தானே பதில் சொல்லிவிட்டு வந்தான்.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் இருங்கள். உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதில்லை. பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.