வரப்பில் வழிவிடுவது யார்?

கெப்பாலா பத்தாஸிலிருந்து பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் வாசகர் ஒருவர், தம் பிரிவிலுள்ள யந்திரங்கள் மனிதர் எவரும் குறுக்கிடாமலே தலைமைக் கணினியோடு செய்தி பரிமாறிக்கொள்வதைக் கண்டு, அவற்றுக்குப் புத்தி வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். 'நான்காம் தொழிற்புரட்சி' என்னும் முழக்கத்தைச் சதா கேட்பவர்களுக்கு இச்சந்தேகம் எழுவது இயற்கை. புத்தி ஏதும் வரவில்லை. வந்திருப்பது ஓர் ஒப்பந்தம், அதுவும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒப்பந்தம்.

சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் போன்ற கம்பெனிகள் காலூன்றின. செமி என்னும் சர்வதேசத் தொழில்துறைச் சங்கம், யந்திரமும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் எஸ்.இ.சி.எஸ். என்ற தர நியமத்தின் முதற்பகுதியை 1980இலும், செய்திகளின் அமைப்பை வகுக்கும் இரண்டாம் பகுதியை 1982இலும் வெளியிட்டது. இவ்வளவு போதும்.

என் மனத்தைக் கவர்ந்தது அந்த முதற்பகுதியின் ஒரு விதி. அதன்படி கம்பியில் ஒரு சமயத்தில் ஒருவரே பேசலாம். பேச விரும்புபவர் முதலில் ஒரேயொரு எழுத்தளவான குறியை அனுப்பி அனுமதி கேட்பார்; மற்றவர் இசைவுக் குறி தந்ததும், 244 பைட்டுக்கு மேற்படாத ஒரு துண்டுச் செய்தியை அனுப்புவார். இருவரும் ஒரே கணத்தில் அனுமதி கேட்டுவிட்டால்? செபராங் பிறையின் வயல் வரப்பிலே எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் சேற்றில் இறங்கித்தானே ஆகவேண்டும்! இங்கே இறங்குவது சர்வ அதிகாரமும் படைத்த கணினி. வரப்பு யந்திரத்துக்கே உரியது. இறங்கியவர் தம் சுமையைக் கீழே போட்டுவிடுவதில்லை. தலையிலே தாங்கியபடி நின்று, எதிரே வருபவர் கொண்டுவந்த கதிர்க்கட்டுகளை எண்ணிப் பார்த்து, அவர் சொன்ன தொகையோடு பொருந்தினால் தலையசைத்தும், பொருந்தாவிட்டால் மறுபடி கொண்டுவரப் பணித்தும், அதன் பிறகே தாம் கரையேறி நடக்கிறார். யார் விலகுவது என்பதைச் சந்திப்புக்கு முன்னரே தீர்மானித்துவிட்டதால் அங்கே வாக்குவாதத்துக்கு இடமில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! யந்திரங்கள் 'சிந்தித்துப் பேசுகின்றன' என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

1994இல் வந்த எச்.எஸ்.எம்.எஸ். நியமம் இச்செய்திகளைத் தொழிற்சாலையின் சாதாரணக் கணினி வலைக்கே கொண்டுபோனது. இருதிசையிலும் ஒருங்கே செல்ல வழி பிறந்ததால் வரப்புச் சண்டை ஒழிந்தது. செய்திகளின் எண்முறை மட்டும் மாறவில்லை: 'ஸ்ட்ரீம்' செய்தியின் வகையையும் 'ஃபங்ஷன்' அவ்வகைக்குள் அதன் எண்ணையும் குறிக்கும்; ஃபங்ஷனில் ஒற்றைப்படை எண் தொடக்கம், அடுத்த இரட்டைப்படை எண் அதன் மறுமொழி. ஸ்ட்ரீம் 1, ஃபங்ஷன் 1 என்பது 'இருக்கிறாயா?' என்ற விசாரிப்பு. ஃபங்ஷன் 2 என்ற விடையில் யந்திரம் தன் மாடலையும் மென்பொருள் பதிப்பையும் தெரிவிக்கும். விடைக்காகக் காத்திருக்கும் கெடு வழக்கமாக 45 விநாடி. யந்திரம் தானே தொடங்கிய பேச்சுக்கு அதற்குள் மறுமொழி வராவிட்டால், ஸ்ட்ரீம் 9, ஃபங்ஷன் 9 என்ற செய்தியால் அதைக் கணினியிடமே முறையிடும்.