மஞ்சப்பையும் கொசுறும்



சுற்றுச்சூழல் என்றால் அது அரசாங்கத்தின் வேலை, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், சுவரில் எழுதும் வாசகம் என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறோம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், சோப்பு, ஊதுபத்தி எல்லாம் நம் கை வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் போகின்றன. நாம் எதில் கட்டிக் கொடுக்கிறோமோ, அதுதான் மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் குப்பையாகக் கிடக்கிறது. ஆகவே ஊர்க் குப்பையின் அளவைத் தீர்மானிப்பதில் நம் தராசுக்குப் பெரிய பங்கு உண்டு. மொத்த மளிகை வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில், இந்த விஷயத்தை வியாபாரக் கண்ணோடு பார்த்துச் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

எதிர்க்கடைப் பயம்

தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை விதித்தது. தூக்குப் பை எத்தனை மைக்ரான் தடிமன் இருந்தாலும் தடைதான். பார்வைக்குத் துணி போலத் தெரியும் ‘நான்-ஓவன்’ பையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதில் பருத்தி நூல் ஒரு இழைகூடக் கிடையாது. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்தான் அது. பிறகு 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தையே வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் மத்திய அரசும் பல ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களை நாடு முழுவதும் தடை செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கல்லாவுக்கு அடியிலிருந்து பை வருகிறதென்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான். “நான் பை இல்லை என்று சொன்னால், வாடிக்கைக்காரர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.” இந்தப் பயத்தைக் கேலி செய்வதற்கில்லை. ஒரு நாளைக்குப் பத்து வாடிக்கை கைவிட்டுப் போனால் சிறு கடைக்காரருக்கு அது கடை வாடகைப் பணம். அதனால்தான் சொல்கிறேன்: இது தனி ஒரு கடைக்காரரால் ஆகிற காரியமல்ல. எதிர்க்கடைக்காரரும் ‘இல்லை’ என்று சொன்னால்தான் என் ‘இல்லை’க்கு மதிப்பு. ஒரு தெரு முழுக்க ஒரே நாளில் ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு, தினம் 100 பேர் வந்து போகும் கடை என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஒரு பை, பை ஒன்று 1 ரூபாய் என்றாலும் நாளைக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் கட்டும் அபராதம் தனி. இந்தப் பணத்தை யாரும் நம்மிடம் தனியாகக் கேட்பதில்லை. சில்லறைச் செலவோடு செலவாகக் கரைந்து போவதால் கண்ணில் படுவதில்லை.

முன்பு நம் கடைகளில் இலவசம் என்றால் கொசுறுதான். காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, வெல்லம் வாங்கினால் கூட வந்த பிள்ளையின் கையில் ஒரு சிறு கட்டி. வாங்கியவர் மனம் குளிர்ந்தது. அது வயிற்றுக்கும் போனது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பை வந்து உட்கார்ந்துகொண்டது. கொசுறு போய்க் குப்பை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பைக்குப் போகும் பணத்தில் பாதியைக் கொசுறுக்குத் திருப்பினாலே போதும். பை கொண்டு வருகிறவருக்கு மட்டும் கொசுறு என்று வழக்கப்படுத்தினால், பத்து நாளில் தெருவே பையோடு வரும். அறிவிப்புப் பலகையைவிட இதற்குப் பலன் அதிகம்.

சில்லறையாக அளப்பது நம் பலம்

பெரிய கடைகளிலும், கைபேசியில் சொன்னால் வீட்டுக்கே கொண்டு வரும் நிறுவனங்களிலும் எல்லாம் பாக்கெட் மயம். “நூறு கிராம் உளுந்து கொடுங்கண்ணே, ஐம்பது கிராம் சீரகம் போடுங்க” என்று கேட்டு வாங்க அங்கே வழி குறைவு. தேவைக்கு மட்டும் வாங்கினால் வீட்டில் வண்டு பிடித்து வீணாவதும் குறைகிறது. பாக்கெட் உறையும் மிச்சமாகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து விவரம் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி இல்லை என்று மத்திய நிதியமைச்சரே அப்போது விளக்கம் அளித்தார். சட்டமே நம் தராசுக்குக் கொடுத்த சலுகை இது. இதை வாடிக்கைக்காரரிடம் எடுத்துச் சொல்லும் கடைகள் எத்தனை?

அதே நேரத்தில் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். சமையல் எண்ணெயையும் அரைத்த மசாலாத் தூளையும் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அடைத்துத்தான் விற்க வேண்டும். சில்லறையாகக் கொடுக்கக் கூடாது. முழு மிளகாய், முழு மல்லி, மிளகு, சீரகத்துக்கு அந்தத் தடை இல்லை. அடுத்தது பொட்டலம். பழைய செய்தித்தாளில் மடித்த நம் பொட்டலம் பார்க்க அழகுதான். ஆனால் அச்சு மையில் ஈயம் முதலான பொருட்கள் உண்டு என்பதால், உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிக்க 2018-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே பழையபடி என்று சொல்லிச் செய்தித்தாளுக்குத் திரும்ப வேண்டாம். அச்சில்லாத பழுப்புத் தாள் உறை, வாடிக்கைக்காரர் கொண்டு வரும் தூக்குவாளி அல்லது டப்பா, இனிப்புக் காரங்களுக்குப் பனையோலைக் கொட்டான், பூவுக்கும் இலைக்கட்டுக்கும் வாழைநார் என்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே வழிகள் இருக்கின்றன. கொட்டான் முடைகிற கைகள் தென் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. இல்லாதது தொடர்ந்து வாங்குகிற ஆள்தான்.

பக்கத்துச் சரக்கு

உள்ளூர்ச் சரக்கையே விற்க வேண்டும் என்று சொல்வது எளிது. மண்டி நடத்துகிறவனுக்குத்தான் அதன் எல்லை தெரியும். சீரகம் குஜராத்தின் உஞ்சாவிலிருந்து வர வேண்டும். துவரை கலபுரகிப் பக்கமிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. உளுந்துக்கு மியான்மரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றில் நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

ஆனால் தூத்துக்குடி உப்பு, ஈரோடு மஞ்சள், ராமநாதபுரம் முண்டு மிளகாய், உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், கொல்லிமலைச் சாமை, மரச்செக்கு எண்ணெய் இவையெல்லாம் சில மணி நேர லாரிப் பயணத்துக்குள் கிடைப்பவை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், கடலை மிட்டாய்க்கு 2020-லும், முண்டு மிளகாய்க்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. லாரி ஓடும் தூரம் குறைந்தால் டீசலும் புகையும் குறைகின்றன, வாடகையும் குறைகிறது, தீர்ந்தால் உடனே சொல்லி எடுக்கலாம் என்பதால் நம் முதல் முடங்குவதில்லை. எந்த ஊர்ச் சரக்கு என்று மூட்டைமேல் ஒரு அட்டை எழுதிச் செருகுங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குகிற பழக்கம் நம் மக்களுக்கு எப்போதும் உண்டு.

மொத்த வியாபாரிகளின் பொறுப்பு

சில்லறைக் கடைக்காரரை மட்டும் நெருக்குவது நியாயமல்ல. மண்டியிலிருந்து போகும் சரக்கே உறைக்குள் உறையாகப் போனால் அவர் என்ன செய்வார்? முதலில் நாம்தான் மாற வேண்டும்.

சணல் சாக்கு விலை கூடுதல், நைலான் சாக்கு மலிவு என்பது உண்மை. ஆனால் நல்ல கோணி பல நடை போகும். வெயிலில் காய்ந்த நைலான் சாக்கோ இழை இழையாக உதிர்ந்து சாக்கடையில்தான் சேரும். உணவு தானியத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணலில் கட்ட வைப்பதற்கு 1987-லேயே ஒரு சட்டம் வந்தது. சாக்குக்குப் பில்லில் தனியாகப் பற்று வைத்து, திரும்பி வந்ததும் வரவு வைக்கும் முறை நம் தொழிலுக்குப் புதிதல்ல. எண்ணெய் டின்னும் சோடா பாட்டிலும் அப்படித்தான் சுற்றி வந்தன. நீலகிரியில் 2022-ல் மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டில் வந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் உடைந்து யானைக் காலில் குத்திய பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. பத்து ரூபாய்க்கு அந்தச் சக்தி இருக்கிறதென்றால், நம் சாக்குக்கும் டின்னுக்கும் ஏன் இருக்காது?

மழை நீர் யாரைக் கேட்டு வருகிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். கடைக்குள்ளும் கிட்டங்கிக்குள்ளும் தண்ணீர் புகுந்து, கடன் வாங்கிப் போட்ட சரக்கெல்லாம் நனைந்து நாறியது. அவ்வளவு மழைக்கு எந்த வடிகாலும் தாங்காது என்பது நியாயம்தான். ஆனால் ஒரு மணி நேரச் சாதாரண மழைக்கே நம் பஜார்த் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதற்கு என்ன சமாதானம்? துப்புரவுப் பணியாளர்கள் சாக்கடையிலிருந்து அள்ளிப் போடுவதை நின்று பாருங்கள். நம் கடைப் பையும் பாக்கெட் உறையும்தான் வருகின்றன. அடியில் நனைவதும் நம் மூட்டைதான்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். தெருவாரியாகக் கூடி, பை கொடுப்பதை ஒரே தேதியில் நிறுத்துவோம். சங்கத்தின் பெயரில் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் மொத்தமாகத் துணிப்பை தைக்கக் கொடுத்து, அடக்க விலைக்கு எல்லாக் கடைகளிலும் வைப்போம். மறந்து வந்தவர் முன்பணம் கொடுத்து எடுத்துப்போய், பையைத் திருப்பித் தந்து பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். மொத்த வியாபாரிகள் சாக்கையும் டின்னையும் திருப்பி எடுக்க ஒரே விலை நிர்ணயிப்போம். வரும் பொதுக்குழுவில் இதைப் பொருளாக எடுத்துப் பேசி, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒரு தெருவிலாவது நடத்திக் காட்டுவோம். முதல் தெருவாக எங்கள் மண்டித் தெரு இருக்கச் சம்மதம் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.