கானில் விளையும் இரும்பு

உடப்புசல்லாவை போன்ற மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில், தேயிலை மலையின் கான்களிலும் ஊற்றுக்கரைகளிலும் நீர் மெல்லக் கசியும் இடங்களிற் சிலவேளை செங்காவி நிறச் சேறு படிந்து கிடப்பதுண்டு. அதன்மேல் எண்ணெய் சிந்தினாற்போன்ற பளபளப்பான ஆடையொன்று மிதக்கும். மண்ணெண்ணெய் கலந்துவிட்டதோ என்று காண்போர் அஞ்சுவர். ஒரு குச்சியால் அவ்வாடையைக் கலக்கினால் ஐயம் தீரும். எண்ணெயாயின் கலைந்தபின் மீண்டும் ஒன்றுகூடும். இதுவோ உடைந்த கண்ணாடிபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும்.

இச்சேற்றை உண்டாக்குவதிற் பெரும்பங்கு கொள்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். மண்ணுக்கடியில், காற்றுப் புகாத ஈரத்தில், இரும்பு நீரிற் கரைந்து நிற்கிறது. அப்போது நீர் தெளிவாகவே தோன்றும். அந்நீர் வெளியே கசிந்து ஒட்சிசனைச் சந்திக்கும்போது இரும்பு துருவாக மாறுகிறது. காற்று தானாகவே செய்யக்கூடிய இவ்வேலையை இரும்புப் பற்றீரியாக்கள் விரைவுபடுத்துகின்றன. மனிதன் சோற்றிலிருந்து ஆற்றல் பெறுவதுபோல, அவற்றுட் சில, கரைந்த இரும்பை ஒட்சிசனுடன் சேர்த்து ஆற்றல் பெறுகின்றன. எஞ்சும் துருவே சேறாகப் படிகிறது. இவ்வுண்மையை 1888 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி.

சிறுகச் சிறுகச் சேரும் இத்தகைய படிவு உலோகக் கனியமாகவும் ஆவதுண்டு. சுவீடன் நாட்டு ஏரிகளின் அடியிற் படிந்த இரும்புக் கனியத்தை, அந்நாட்டு மக்கள் குளிர்காலத்தில் உறைபனியைத் துளைத்து அள்ளி, உலையிலிட்டு உருக்கினர்.

இதனினும் பெரிய நிகழ்ச்சி பண்டைக் கடல்களில் நடந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் இரும்பு மிகுதியாகக் கரைந்திருந்தது. சூரிய ஒளியால் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனை வெளிவிட, அவ்விரும்பு துருவாகிக் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இந்தியாவின் பைலாடிலா, குதுரேமுகம் ஆகிய மலைகளின் இரும்புத்தாது இவ்வகைப் பாறைகளைச் சார்ந்ததே.

கானிலுள்ள செஞ்சேறு பொதுவாக நோய் விளைப்பதன்று. எனினும் அது நீர்க்குழாயினுட் படிந்து அடைத்துவிடும்; வெள்ளைத் துணியிற் கறையேற்றும். ஆகவே அவ்வகை ஊற்றிலிருந்து வரும் குழாய்களையும் தொட்டிகளையும் காலந்தோறும் துப்புரவாக்குதல் வேண்டும். நீர் தெளிந்திருப்பதனால் மட்டும் அது தூயதாகிவிடாது. நோய்க்கிருமிகளும் கண்ணுக்குத் தெரியாதவையே. எந்த ஊற்றுநீராயினும் கொதிக்கவைத்து ஆறியபின் பருகுவதே நன்று.